டேப் டிரைவுக்குப் பொட்டு வைக்க வேண்டாம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் எங்கள் சர்வீஸ் மேசைக்கு இரண்டு எல்டிஓ டேப் டிரைவ்கள், அதாவது கம்ப்யூட்டர் ஃபைல்களை டேப் கார்ட்ரிட்ஜில் பேக்கப் எடுக்கும் கருவிகள், வந்தன. ஒன்று ஓர் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து, மற்றது ஒரு எடிட்டிங் ஸ்டூடியோவிலிருந்து. முதல் டிரைவில், கார்ட்ரிட்ஜ் நுழையும் சின்னக் கதவின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் காய்ந்த குங்குமம் உதிர்ந்திருக்கிறது. ஃபேன் காற்றை இழுக்கும்போது அதையும் சேர்த்து உள்ளே இழுத்திருக்கிறது. இரண்டாவது டிரைவில் ஒரு குறையும் இல்லை. அதற்குத் தீனி போட்ட ஹார்டு டிஸ்க்தான் மெதுவானது. அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

ஒரு சிட்டிகை குங்குமத்துக்கா இவ்வளவு பேச்சு என்று நினைக்க வேண்டாம். எல்டிஓ-8, அதாவது எட்டாம் தலைமுறை கார்ட்ரிட்ஜுக்குள் 960 மீட்டர் டேப் சுற்றியிருக்கிறது. அகலம் அரை அங்குலம், கனம் 5.6 மைக்ரான், தலைமுடியில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அந்த அரை அங்குலத்துக்குள் 6,656 தடங்கள். டிரைவில் எழுதவும் படிக்கவும் உள்ள ஹெட் ஒரு நேரத்தில் 32 தடங்களில் எழுதும். டேப் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும், திரும்பும், மறுபடி ஓடும். ஒரு டேப் நிறைய இப்படி 208 நடை ஆகும். நடுவில் ஒரு துகள் சிக்கினால் ஓரிடத்தில் கீறிவிட்டு நிற்காது, நடைக்கு நடை கீறும். பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை. பொட்டை டிரைவ் வந்த அட்டைப்பெட்டிக்கு வையுங்கள். சாம்பிராணி காட்டி, புகை அடங்கும்வரை டிரைவை அணைத்து வையுங்கள். போதும்.

புதிதாக வாங்கியவர்களுக்கு, முதலில் இடம். தரையில் வேண்டாம், தூசி எல்லாம் அங்கேதான் தவழ்கிறது. பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலும் வேண்டாம்; காகிதத் தூளும் டோனர் தூளும் குங்குமத்துக்குச் சளைத்தவை அல்ல. பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், சூடான காற்று வெளியேற வேண்டும். மேலே ஃபைல் அடுக்காதீர்கள். டிரைவை வாங்கி வந்த அன்றே ஆசையோடு ஆன் செய்ய வேண்டாம். வேனில் வெயிலில் வந்த பெட்டியை ஏசி அறைக்குள் கொண்டுபோனாலும் சரி, ஏசி அறையில் இருந்த டேப்பைச் சென்னைப் புழுக்கத்துக்குள் எடுத்து வந்தாலும் சரி, அந்த அறையின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது பழக வேண்டும். ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வியர்வை டேப்பின் மேலும் ஹெட்டின் மேலும் படிந்தால் டேப் ஒட்டிக்கொள்ளும்.

இணைப்பில் அதிகம் தடுமாறுவது, டிரைவைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் சாஸ் கார்டில்தான். யுஎஸ்பி போல எதிலும் சொருகலாம் என்று நினைத்து வருகிறார்கள். கம்ப்யூட்டரில் வெளிப்பக்க வாய் உள்ள சாஸ் ஹெச்பிஏ கார்டு வேண்டும். சர்வரில் ஏற்கெனவே பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டு இருக்கிறதே, அதிலேயே மாட்டிவிடலாம் என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். பெரும்பாலான ரெய்டு கார்டுகள் டேப்பைக் கண்டுகொள்ளாது. சில கண்டுகொண்ட மாதிரி நடித்துவிட்டு நடுவில் கைவிடும். கேபிளைச் சொருகுவதற்கு முன் இரண்டையும் அணையுங்கள். 'கிளிக்' என்று பூட்டு விழும்வரை அழுத்துங்கள். கேபிளை மடக்கிக் கட்டாதீர்கள், தேவைக்கு மேல் நீளம் வாங்காதீர்கள். ஆன் செய்யும்போது டிரைவ் முதலில். அது தன்னைத்தானே சோதித்து முடித்து ரெடி விளக்கு நிலையாக எரிந்தபின் கம்ப்யூட்டர். மாற்றிச் செய்துவிட்டு, 'டிரைவே தெரியவில்லை' என்று மாதத்துக்கு இரண்டு பேராவது போன் செய்கிறார்கள். கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும்.

கரன்ட் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். டிரைவும் கம்ப்யூட்டரும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும், மூன்று பின் பிளக்கில், எர்த் ஒழுங்காக உள்ள லைனில். ஒன்றை யுபிஎஸ்ஸிலும் மற்றதை எதிர்ச்சுவரிலும் மாட்டினால் இரண்டின் எர்த்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் கேபிள் வழியாகப் பாயும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சரிசெய்த பிறகு டிரைவை மாட்டலாம். வீட்டு ஃபேனுக்கு வைத்திருக்கும் சதுர அலை இன்வர்ட்டர் இதற்கு ஆகாது.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய்விட்டதா? பதற வேண்டாம். டேப் பாதியில் நின்றிருக்கும். கரன்ட் வந்ததும் டிரைவ் தானாகவே மெதுவாகச் சுற்றி எடுக்கும். அது முடியும்வரை எஜெக்ட் பட்டனைத் தொடாதீர்கள். இந்த கார்ட்ரிட்ஜில் சுருள் ஒன்றுதான். பழைய ஆடியோ கேசட்டில் போல இரண்டு கிடையாது. இரண்டாவது சுருள் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. டேப்பின் நுனியில் உள்ள சின்னப் பின்னைப் பிடித்து டிரைவ் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆக, பாதியில் நிற்கும் கார்ட்ரிட்ஜைப் பிடுங்கினால் டேப் உள்ளேயும் டப்பா வெளியேயுமாகக் கையில் வரும். சாதாரண நேரத்திலும் எஜெக்ட் அழுத்தினால் உடனே வராது. முழுக்கச் சுற்றி முடிக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம். ஒருமுறை அழுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றால் பல மாடல்களில் டிரைவ் ரீசெட் ஆகிவிடும்.

எல்டிஓ-9 வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. புது கார்ட்ரிட்ஜை முதன்முதலாகப் போடும்போது டிரைவ் அந்த டேப்பை அளந்து பழகிக்கொள்ளும். பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும், சில சமயம் 2 மணி நேரம்வரை போகும். 'ஹேங் ஆகிவிட்டது' என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு எங்களுக்கு போன் செய்யாதீர்கள். போன் செய்துவிட்டு, பிடுங்காமல் இருங்கள்.

இனி அந்த ஸ்டூடியோக் கதை. எல்டிஓ-8 டிரைவ், அரை உயர மாடல், நொடிக்கு 300 எம்பி எழுதக்கூடியது. 12 டிபி டேப்பை நிரப்பச் சுமார் 11 மணி நேரம். அவர்கள் அதை இரண்டு வருடம் பழசான ஒரு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஓட்டியிருக்கிறார்கள். அந்த டிஸ்க் நொடிக்கு 80, 90 எம்பிதான் கொடுக்கும். அதிலும் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன போட்டோ ஃபைல் வந்தால் இன்னும் தொங்கிவிடும். டிரைவ் தன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. அதற்குக் கீழே போனால், எழுத எதுவும் இல்லாமல் டேப்பை நிறுத்த வேண்டும். ஓடுகிற டேப் சட்டென்று நிற்காது. நிறுத்தத்தைத் தாண்டிப்போய் நின்ற பஸ்ஸைப் போல, ரிவர்ஸ் எடுத்து, மறுபடி வேகம் பிடித்து, விட்ட இடத்திலிருந்து எழுத வேண்டும். ஒரு நிமிடத்தில் இப்படிப் பல முறை. ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல முன்னும் பின்னும் தேய்ப்பதால் இதற்கு ஷூ ஷைனிங் என்றே பெயர். டேப்பும் தேயும், ஹெட்டும் தேயும், 11 மணி நேர வேலை இரண்டு நாளுக்கு இழுக்கும்.

பக்கத்தில் நின்று காது கொடுத்தால் தெரிந்துவிடும். சரியாக எழுதும் டிரைவ் ஒரே சீராக 'உய்ய்ய்' என்று இரையும். தேய்க்கும் டிரைவ் 'உய்… டக்… உய்… டக்' என்று இழுத்து இழுத்து முனகும். அந்தச் சத்தம் கேட்டால் டிரைவைத் திட்டாதீர்கள். ஃபைல்களை முதலில் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்கோ, நாலைந்து டிஸ்க் சேர்ந்த ரெய்டுக்கோ எடுத்துக்கொண்டு அங்கிருந்து டேப்புக்கு அனுப்புங்கள். ஜிகாபிட் நெட்வொர்க் வழியாக வந்தாலும் நொடிக்குச் சுமார் 110 எம்பிக்கு மேல் வராது, நினைவிருக்கட்டும்.

எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜ் அட்டையில் 30 டிபி என்று போட்டிருக்கிறதே, 12தானே ஏறுகிறது, ஏமாற்றா என்று ஒருவர் கேட்டார். கம்பெனிகள் சுருக்கி எழுதினால் வருவதைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. ஏற்கெனவே சுருங்கியிருக்கும் வீடியோவும் ஜேபெக் படமும் மேற்கொண்டு சுருங்காது. கல்யாண வீடியோக்காரர்கள் 12 என்றே கணக்குப் போடுங்கள். இன்னொன்று, வாங்குமுன் கேட்க வேண்டியது: எல்டிஓ-7 வரை டிரைவ்கள் இரண்டு தலைமுறை பழைய டேப்பையும் படித்தன. எல்டிஓ-8 டிரைவ் 7, 8 இரண்டை மட்டும் படிக்கும். அலமாரியில் எல்டிஓ-6 டேப் வைத்திருப்பவர்கள் பழைய டிரைவை விற்றுவிடாதீர்கள்.

மென்பொருள் பக்கம் சுருக்கமாக. விண்டோஸ் சர்வரோடு வரும் பேக்கப் 2008 பதிப்பிலிருந்தே டேப்பில் எழுதுவதில்லை, தனி மென்பொருள் வேண்டும். எல்டிஎஃப்எஸ் என்ற ஃபைல் முறையைப் போட்டால் டேப் ஒரு ஃபோல்டர் போலத் தெரியும், வசதிதான். ஆனால் அதில் ஒரு ஃபைலை அழித்தால் இடம் திரும்பக் கிடைக்காது. டேப்பிலேயே வைத்துப் படங்களைப் பெரிய ஐகானில் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு படத்துக்கும் டேப் முன்னும் பின்னும் ஓடும். எடுக்கும்போது மென்பொருளிலேயே எஜெக்ட் கொடுங்கள், கடைசி அட்டவணையை அப்போதுதான் எழுதி முடிக்கும். லினக்ஸ்காரர்களுக்கு: அங்கே ஒரே டிரைவுக்கு எஸ்டி, என்எஸ்டி என்று இரண்டு பெயர். எஸ்டியில் எழுதினால் வேலை முடிந்ததும் டேப் தானே முதலுக்குச் சுற்றிவிடும். திங்கள் பேக்கப்பின் மேலேயே செவ்வாய் பேக்கப்பை எழுதிவிட்டு அழுதவர் ஒருவரை எங்களுக்குத் தெரியும்.

கிளீனிங் கார்ட்ரிட்ஜை வாராவாரம் எண்ணெய்க் குளியல் போலப் போடக் கூடாது, அதுவும் ஹெட்டைத் தேய்க்கும். டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள். சில மாடல்களில் அதற்கென்று ஒரு விளக்கு எரியும், சிலவற்றில் 'சி' என்ற எழுத்து வரும். ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டு உள்ளே கை விடவே வேண்டாம்.

டேப்பை எழுதி முடித்ததும் பூட்டுச் சின்னம் உள்ள சின்ன ஸ்விட்சைத் தள்ளி, டிரைவிலிருந்து வெளியே எடுத்து, டப்பாவில் போட்டு நிற்கவைத்து வையுங்கள். டிரைவுக்குள்ளேயே விட்டுவைத்த டேப்பை வைரஸ் அழித்துவிட முடியும். அலமாரியில் இருப்பதை அதனால் தொட முடியாது. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயிலில் சிலருடைய மடல்கள் காணாமல் போனபோது, கூகுள் அவற்றை டேப்பிலிருந்துதான் திரும்ப எடுத்தது. வருடக்கணக்கில் வைக்கப்போகும் டேப்புக்கு 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை நாள் கூட வேண்டாம். கீழே விழுந்த கார்ட்ரிட்ஜை அப்படியே டிரைவில் தள்ளாதீர்கள். ஓரக் கதவை விரலால் திறந்து, டேப் நுனியில் உள்ள அந்தச் சின்னப் பின் தன் இடத்தில் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் எங்களிடம் கொடுங்கள். பழைய டேப்பைக் காந்தம் வைத்து அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹெட்டுக்கு வழிகாட்டும் தடங்களும் சேர்ந்து அழிந்துபோகும், அப்புறம் அது வெறும் பிளாஸ்டிக்.

இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சர்வரும் போய், அதே அறையில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த டேப்பும் நனைந்து எங்களிடம் வந்தவர்கள் உண்டு. நனைந்த டேப்பை ஹேர் டிரையரால் காயவைக்கவோ டிரைவில் போட்டுப் பார்க்கவோ வேண்டாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. 'பேக்கப் முடிந்தது' என்று திரையில் வந்ததை மட்டும் நம்பிப் பலர் வருடக்கணக்கில் டேப்பைத் திறந்தே பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபோல்டரை வேறு இடத்தில் ரீஸ்டோர் செய்து, நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். உங்கள் டேப்பை வேறொரு டிரைவ் படிக்கிறதா என்பதும் முக்கியம், உங்கள் டிரைவ் ஒரு நாள் நின்றுபோனால் அதுதான் கை கொடுக்கும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எங்கள் மேசை காலியாக இருக்கும். ஒரு டேப்பை எடுத்து வந்தால் இங்குள்ள டிரைவில் போட்டுப் படித்துக் காட்டுகிறோம், கட்டணம் இல்லை. டேப்பை என்கிரிப்ஷன் போட்டு, அதாவது குறியீட்டால் பூட்டி வைத்திருப்பவர்கள் அதைத் திறக்கும் சாவிக் குறியீட்டையும் கொண்டு வாருங்கள். போன வாரம் ஒருவர் சாவி எங்கே என்று தேடி வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நாலு நடை நடந்தார். கடைசியில் அந்தச் சாவி இருந்த ஃபைல், அந்த டேப்புக்குள்ளேயே இருந்தது.

இப்படிக்கு,
சர்வீஸ் மேசையிலிருந்து