முறைப்பதுதான் ஆண்மையா?

ஆசிரியருக்கு,

முறைப்பதையும் உறுமுவதையுமே ஆண்மை என்று காட்டும் குறுங்காணொளிகளை எடுப்பவர்களைச் சாடிய தங்கள் தலையங்கம் படித்தேன். காணொளி எடுப்பவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. எவ்வளவு நேரம் பார்க்கிறோம், திரும்பவும் பார்க்கிறோமா என்பதையெல்லாம் கணக்கில் கொண்டே இன்ஸ்டாகிராமின் ரீல்ஸும் யூடியூபின் ஷார்ட்ஸும் அடுத்ததைப் பரிந்துரைக்கின்றன. அரை நிமிடத்தில் கண்ணை இழுத்து நிறுத்த முறைப்பும் உறுமலும் போதும்; பொறுமையைக் காட்ட அந்நேரம் போதாது.

என் வகுப்பு மாணவன் ஒருவன் விளையாட்டில் மணிக்கட்டு முறிந்தும் மாலைவரை வாய் திறக்கவில்லை. கேட்டதற்கு, "அழுதா வீடியோ எடுத்துப் போட்டுருவாங்க சார்" என்றான். முறைப்புக் காணொளிகளே திரும்பத் திரும்ப வருவதைத் தவிர்க்க, பரிந்துரைகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் வசதி இன்ஸ்டாகிராமில் இருக்கிறது. ஆனால் அது செயலியின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) ஒளிந்து கிடக்கிறது. பதின்வயதினரின் கணக்குகளில் அதை முகப்புத் திரையிலேயே வைக்குமாறு அரசுகள் நிறுவனங்களை வற்புறுத்த வேண்டும்.

- பள்ளி ஆசிரியர் ஒருவர்