நாட்டு அல்லி வாங்கின எல்லாருக்கும்: மொட்டு விரியலன்னு சுத்திட்டு இருக்கற அந்த போட்டோ பத்தி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப காலமா நம்மகிட்ட செடி வாங்கறவங்களுக்கு நாங்க எப்படி வளக்கறோம், எப்படி பேக் பண்றோம்னு புதுசா சொல்ல வேண்டியதில்ல. ஆனா இந்த மழைக்கு புதுசா நெறைய பேர் வந்திருக்கீங்க, அதோட ஒரு வாட்ஸ்அப் குரூப்ல ஆரம்பிச்ச பேச்சு ஒண்ணு குரூப் குரூப்பா போயி, கடைசில நம்ம பழைய ஆளுங்களே போன் பண்ணி "என்னங்க இது, நெசமா?"ன்னு கேக்கற அளவுக்கு வந்துருச்சு. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி முடியல, அதனாலதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதறோம், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

விஷயம் இதுதான். நம்மகிட்ட வாங்கின வெள்ளை அல்லி மொட்டு வைக்குது, ஆனா விரியவே இல்ல, அப்படியே அழுகி தண்ணிக்குள்ள போயிடுது, நோய் புடிச்ச கிழங்க தலையில கட்டிட்டாங்கன்னு ஒரு போட்டோவோட போட்டிருக்காங்க. போட்டவங்க மேல எங்களுக்கு கோவம் இல்ல, ஆசையா வாங்கி வச்ச செடி பூக்கலன்னா யாருக்கா இருந்தாலும் வருத்தமா இருக்கும். ஆனா நோய் புடிச்ச கிழங்குன்னு சொன்னது ரொம்ப வலிக்குது, ஏன்னா அந்த செடிக்கு ஒரு நோயும் இல்ல. அது பூத்து முடிச்சிருக்கு. போட்டோவ பெருசு பண்ணி பாத்தா நல்லாவே தெரியுது.

வெள்ளை அல்லி ராத்திரி பூக்கற செடி. பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் மெதுவா விரிய ஆரம்பிச்சு, ராத்திரி பூரா விரிஞ்சே இருந்து, காலையில வெயில் ஏற ஏற மூடிக்கும். மழை மூட்டமா இருந்தா ஒம்பது பத்து மணி தாண்டியும் விரிஞ்சு நிக்கும், சுள்ளுனு வெயில் அடிச்சா சீக்கிரமே மூடிரும். செவ்வல்லியும் இதே மாதிரிதான். நீல அல்லி மட்டும்தான் பகல்ல பூக்கும், காலையில விரிஞ்சு சாயங்காலத்துக்குள்ள மூடிக்கும். நர்சரில கலர் கலரா விக்கற ஹைப்ரிட் அல்லில பெரும்பாலானது பகல்ல பூக்கறதுதான், அத பாத்து பழகினவங்க நாட்டு அல்லிய மத்தியானம் ஒரு மணிக்கு போய் எட்டி பாத்தா மூடின மொட்டுதான் தெரியும். மறுநாளும் ஒரு மணிக்கு போனா அதேதான். ஆபீஸ் போயிட்டு வந்து எட்டு மணிக்கு டார்ச் அடிச்சு பாத்தவங்க நம்ம கஸ்டமர்ல நெறைய பேர் இருக்கீங்க, உங்களுக்கு இது தெரியும், நீங்க அனுப்புன ராத்திரி போட்டோவெல்லாம் பத்திரமா வச்சிருக்கோம்.

அடுத்தது அந்த "அழுகுன மொட்டு". ஒரே பூ மூணு நாலு ராத்திரி விரிஞ்சு விரிஞ்சு மூடும். முதல் தடவ விரியறப்ப பூவோட நடுவுல கிண்ணம் மாதிரி இருக்கற எடத்துல ஒரு திரவம் ஊறி நிக்கும், வேற பூவுல இருந்து மகரந்தம் ஒட்டிட்டு வர்ற வண்டோ தேனீயோ அதுல எறங்குனா மகரந்தம் கழுவப்பட்டு சூலகத்துக்கு போய் சேரும். சில பூச்சி அதுலயே செத்துப் போயிடும், பூவுக்குள்ள செத்த பூச்சி கெடக்கேன்னு கேட்டிருந்தீங்களே, அதுக்கு இதான் காரணம், பயப்பட ஒண்ணும் இல்ல. ரெண்டாவது தடவைல இருந்து அதே பூ மகரந்தம் குடுக்கற பூவா மாறிடும். எல்லாம் முடிஞ்சதும் பூ கடைசியா ஒரு தடவ மூடிக்கிட்டு, தண்டு வளைஞ்சு அதையே தண்ணிக்குள்ள இழுத்துக்கும். காய் பழுக்கறது தண்ணிக்கு அடியிலதான். அந்த சமயத்துல இதழெல்லாம் கொழகொழன்னு ஆகி அழுகின மாதிரிதான் இருக்கும், ஆனா உள்ள காய் உருண்டுட்டு இருக்கும். விட்டுட்டா வெடிச்சு வெத மேல மெதக்கும், ஒவ்வொரு வெதையையும் சுத்தி பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கும், அது கரைஞ்சதும் வெத சேத்துக்குள்ள எறங்கிரும். குளத்துல அல்லி பரவறதுக்கு இதுவும் ஒரு வழி.

இனிமே விரியப் போற மொட்டுக்கும் முடிஞ்சு போன பூவுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுக்கறது ரொம்ப சுலபம். விரியப் போறது நுனி கூரா, தொட்டா கெட்டியா, தண்டு நிமிந்து மேல பாத்து நிக்கும். முடிஞ்சது அடி பெருத்து, மெதுமெதுன்னு, தண்டு சாஞ்சு கெடக்கும். அந்த போட்டோவுல இருக்கறது ரெண்டாவது வகை. வெத வேண்டாம்னா கத்திரிக்கோல தண்ணிக்குள்ள விட்டு தண்ட அடியோட வெட்டி எடுத்துடுங்க, செடிக்கும் சத்து மிச்சமாகும், தண்ணியும் நாறாது.

நெசமாவே மொட்டே வைக்காத செடியும் சில பேர் வீட்ல இருக்கு, அத நாங்க மறுக்கல. அதுக்கு பெரும்பாலும் வெயில்தான் காரணம். அஞ்சாறு மணி நேரமாவது நேர் வெயில் படணும், பால்கனி நெழல்ல இல மட்டும்தான் வரும். அடுத்தது தொட்டி. வெள்ளை அல்லி பெரிய செடி, இல ஒவ்வொண்ணும் சாப்பாட்டு தட்டு அளவுக்கு விரியும், ரெண்டு ரெண்டரை அடி அகலமாவது வேணும். சின்ன வாளில வச்சா உயிரோட இருக்கும், பூக்கறதுக்கு தெம்பு இருக்காது. அப்புறம் பவுண்டன், தண்ணி கொட்டற சிலை இந்த மாதிரி எதையும் அது பக்கத்துல வைக்காதீங்க ப்ளீஸ். இதோட சுவாச துவாரம் இலைக்கு மேல்பக்கம் இருக்கு, அங்கேருந்து தண்டுக்குள்ள இருக்கற காத்துக்குழாய் வழியா சேத்துல இருக்கற கிழங்கு வரைக்கும் காத்து போகுது. நாள் பூரா இல மேல தண்ணி தெளிச்சிட்டே இருந்தா அதுக்கு ஆகாது. அமைதியா நிக்கற தண்ணிதான் அதோட எடம்.

மண்ணு பத்தி எத்தன தடவ சொன்னாலும் பத்தல, கோகோபீட் வேண்டாம், மண்புழு உரம் வேண்டாம், தொட்டி செடிக்கு போடற கலவையும் வேண்டாம். அதெல்லாம் மெதக்கும், இல்லன்னா அடியில அழுகி கேஸ் விட்டு கிழங்கையும் சேத்து அழுக வச்சிரும். களிமண்ணு போதும், வயல் மண்ணோ வண்டல் மண்ணோ கெடச்சா அதவிட நல்லது எதுவும் இல்ல. ஆழம் கம்மியா, வாய் அகலமா இருக்கற ஓட்டை இல்லாத பேசின்ல மண்ண போட்டு, கிழங்க வச்சு, முளைக்கற நுனி மட்டும் மண்ணுக்கு மேல தெரியற மாதிரி விட்டு, மேல ஒரு வெரக்கட மணல் பரப்பிடுங்க. கிழங்க முழுசா பொதச்சதாலதான் நெறைய பேருக்கு அழுகியிருக்கு. முதல்ல நுனிக்கு மேல அரை அடி தண்ணி போதும், இல மேல வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா எறக்கி ஒண்ணு ஒண்ணரை அடி வரைக்கும் கொண்டு போலாம். உரம் போடறதா இருந்தா நாலு இலையாவது மெதக்க ஆரம்பிச்ச பிறகு, அதுவும் சேத்துக்குள்ள ஆழமா அமுக்கி விடணும். தண்ணில கரைச்சு ஊத்துனா அல்லிக்கு முன்னாடி பாசிதான் அத சாப்பிடும்.

வந்த முதல் வாரத்துல பழைய இலையெல்லாம் மஞ்சளாகி கரைஞ்சு போறத பாத்து செடி செத்துருச்சுன்னு மெசேஜ் வருது. அந்த இலைங்க எங்க தொட்டி ஆழத்துக்கு வளந்த தண்டுல இருந்தது, எடம் மாறினதும் செடி அத விட்டுட்டு புதுசா விடும். முதல்ல வர்ற இல தண்ணிக்கு உள்ளயே நிக்கும், அதுக்கப்புறம்தான் மெதக்கற இல வரும். கிழங்க அமுக்கி பாருங்க, கெட்டியா இருந்தா உயிரோட இருக்கு. அதே மாதிரி தண்ணி பச்சையா இருக்குன்னு வாரா வாரம் முழுசா கொட்டிட்டு புதுத் தண்ணி ஊத்தறவங்க தயவுசெஞ்சு அத நிறுத்துங்க. புதுத் தண்ணி ஊத்த ஊத்த பச்சை திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும். இல பாதி தண்ணிய மூடுச்சுன்னா வெளிச்சம் கொறஞ்சு தானா தெளியும், அது வரைக்கும் ஆவியாகற தண்ணிய மட்டும் நிரப்பிட்டு வாங்க.

கொசுவுக்கு கம்பூசியா விடாதீங்க, அது அமெரிக்க மீன், தப்பி வாய்க்கால்ல போச்சுன்னா மத்த சின்ன மீனையும் தவக்கா முட்டையையும் ஒழிச்சிரும். பஞ்சாக்ஸ்னு மீன் வளக்கறவங்க சொல்ற நம்ம ஊர் மீன், தலையில வெள்ளப் புள்ளி மின்னுமே, அதுல ரெண்டு மூணு விட்டா கொசுப்புழு ஒண்ணு மிஞ்சாது. இலையில அசுவிணி வந்தா பைப்புல தண்ணி பீச்சி தள்ளி விடுங்க, மீன் தின்னுக்கும், மருந்து அடிச்சீங்கன்னா மீன்தான் முதல்ல சாகும். இலைய நீள்வட்டமா நறுக்குன மாதிரி இருந்தா ஒரு அந்துப்பூச்சியோட புழு வேல, வெட்டுன துண்ட அது வீடா ஒட்டிக்கிட்டு இலைக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், கையால எடுத்து போட்டுடலாம்.

இன்னொரு பேச்சும் காதுக்கு வந்துச்சு, குளத்துல சும்மா கெடக்கறத புடுங்கிட்டு வந்து காசுக்கு விக்கறாங்கன்னு. இல்லங்க. எங்க தாய்ச்செடில இருந்து பிரிச்ச கிழங்கும் வெதையில வந்த நாத்தும்தான் உங்களுக்கு வருது. குளத்துல இருக்கறது குளத்துல இருக்கணும்ங்கறதுல எங்களுக்கு ரொம்ப உறுதி. ஏற்கனவே வெங்காயத்தாமரை மூடி மூடி அல்லிக்கு வெளிச்சமே இல்லாம போன ஏரி எத்தனயோ இருக்கு, அது தென் அமெரிக்கால இருந்து வந்த செடி, அல்லி இந்த மண்ணோட செடி. கோடைல குளம் வத்தி வெடிச்சு போனாலும் கிழங்கு சேத்துக்குள்ள தூங்கிட்டு இருந்து ஐப்பசி மழைக்கு முளைக்குதே, அதுக்கு இந்த ஊர் வெயிலும் மழையும் அவ்ளோ பழக்கம். உங்க தொட்டி ஒரு கோடைல காஞ்சு போனாலும் மண்ண கொட்டிடாதீங்க, ஈரம் மட்டும் காயாம வச்சிருந்து திரும்ப தண்ணி விட்டு பாருங்க.

அப்புறம் உங்க மெசேஜுக்கு பதில் லேட்டா வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. தொட்டிக்குள்ள எறங்கி கிழங்கு பிரிச்சு, ஈர சாக்குல சுத்தி பேக் பண்ற அண்ணன் முட்டி வலி தாங்காம வேலைய விட்டுட்டாரு. கிழங்க கையில வச்ச உடனே இது முளைக்கும், இது முளைக்காதுன்னு சொல்ற ஆளு அவரு, அந்த எடத்துக்கு சட்டுனு இன்னொருத்தர கொண்டு வர முடியாது. இப்ப அந்த வேலையையும் நாங்களேதான் பாக்கறோம், அதனால பார்சல் சனிக்கிழம மட்டும் கெளம்பும், மாத்து செடி கேக்கறவங்க பார்சல் பிரிச்ச அன்னிக்கே போட்டோ அனுப்பிடுங்க, கூரியர் சார்ஜும் இனிமே தனியா வரும்.

இவ்ளோ பேச்சுக்கு நடுவுலயும் அந்த குரூப்கள்ல எங்களுக்காக பேசுன அக்காங்க, அண்ணனுங்க, அப்புறம் ராத்திரி எடுத்த பூ போட்டோவ போட்டு "எங்க வீட்ல பூத்துச்சே"ன்னு சொன்ன அந்த டீச்சரம்மா, எல்லாருக்கும் மனசார நன்றி. உங்களால்தான் இந்த செடிய விடாம வளத்துட்டு இருக்கோம். உங்க வீட்ல பிரிஞ்சு வந்த கிழங்க பக்கத்து வீட்டுக்கு, ஸ்கூல் தொட்டிக்குன்னு குடுத்திருக்கீங்க, வியாபாரம் போச்சேன்னு நாங்க ஒரு நாளும் நெனச்சதில்ல, இன்னும் குடுங்க.

அந்த போட்டோ போட்டவங்க இத படிச்சா எங்க நம்பருக்கு ஒரு மெசேஜ் மட்டும் போடுங்க. செடிய திருப்பி அனுப்ப வேண்டாம், அடுத்த மொட்டு நிமிந்து நிக்கறப்ப சொல்லுங்க, நாங்க வீடியோ கால்ல கூட இருந்து பாக்கறோம். மத்தவங்களுக்கும் அதேதான், சந்தேகம் இருந்தா மூணு போட்டோ அனுப்புங்க: தொட்டி முழுசா ஒண்ணு, கிழங்கு நுனி ஒண்ணு, ராத்திரி எட்டு மணிக்கு மேல எடுத்த மொட்டு ஒண்ணு. நீல அல்லி வாங்கினவங்க மட்டும் காலையில எடுங்க.