கண்டறியப்பட்டது சரி, எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இதழில் 'கத்தரிக்காயில் பூச்சிமருந்து எச்சம் கண்டறியப்பட்டது' என்று போட்டு, கூடவே 'பேராசை பிடித்த விவசாயிகள்' என்றும் எழுதியிருந்தது. முப்பது வருடமாகக் கத்தரி போடுகிறேன். பேராசைப்பட்டு நான் சேர்த்த சொத்து எங்கே இருக்கிறது என்று உங்கள் நிருபருக்குத் தெரிந்தால் எனக்கும் சொல்லச் சொல்லுங்கள்.

எவ்வளவு எச்சம் என்று அந்தச் செய்தியில் ஒரு வரி இல்லை. தங்களுக்குத் தெரியாததல்ல, தனியாக வரம்பு குறிக்காத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி. ஆயிரம் டன் காயில் பத்தே கிராம். வரம்புக்குள் இருந்தாலும் 'கண்டறியப்பட்டது'தான், பத்து மடங்கு தாண்டினாலும் 'கண்டறியப்பட்டது'தான் என்றால் எப்படி ஐயா?

தாண்டுவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். போன வருடம் என் காயை நானே கைக்காசு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முடிவு வர பதினொரு நாள். அதற்குள் அந்தக் காய் யார் வீட்டுச் சாம்பாரிலோ வெந்துவிட்டது. சோதித்த பட்டியலில் நூற்றுக்கு மேல் மருந்துப் பெயர்கள். ஒன்று மட்டும் வரம்புக்கு மேலே. அதை நான் அடித்ததே இல்லை! நான் அடித்து மிச்சமிருந்த 'இயற்கை மருந்து' புட்டியையும் சோதனைக்குக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, கலப்படம் அதில். கடைக்காரரிடம் பில் கேட்டிருந்தால் சண்டைக்காவது போயிருக்கலாம். 'நமக்குள்ள பில் எதுக்குண்ணே' என்றவர் அவர். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று தடை வந்த பிறகும் காய்ப்புழுவுக்கு அதையே எடுத்து நீட்டியவரும் அவர்தான். அவரைப் பேராசைக்காரர் என்று யாரும் எழுதுவதில்லை.

2015-இல் நம் காய்கறியில் நஞ்சு என்று கேரளாவில் பேச்சு கிளம்பியபோதும் இதே கதை. மண்டியில் என் மூட்டையைப் பிரிக்கக்கூட ஆளில்லை. அடித்தது யார், அடிக்காதது யார் என்று எந்தப் பத்திரிகையும் பிரித்துச் சொல்லவில்லை. மருந்தடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்க வேண்டும் என்பதைப் புட்டியில் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும். அதைப் பற்றியும் ஒரு செய்தி கிடையாது.

நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் சொல்லவில்லை. இனி இப்படிச் செய்தி போட்டால், எந்த மருந்து, எவ்வளவு இருந்தது, வரம்பு எவ்வளவு என்று மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். ராசிபலனுக்கு அரைப்பக்கம் விடுகிறீர்கள், இதற்கு ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
கத்தரி விவசாயி ஒருவன்,
ஒட்டன்சத்திரம் வட்டம்