'புட் ஆஃப்' பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கண்டேன். பணி ஓய்வுக்குப் பிறகு நீ மொழிபெயர்ப்பில் இறங்கியிருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இரண்டு முறை தள்ளிப்போட்ட கண் அறுவைச் சிகிச்சையை நானும் ஒருவழியாக முடித்துக்கொண்டேன்; உன் கையெழுத்து இப்போது தெளிவாகத் தெரிகிறது.

ஆங்கிலத்தில் 'புட் ஆஃப்' (put off) என்ற வினை வரும் இடமெல்லாம் 'ஒத்திவைத்தல்' என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தாய். கூடாது. கூட்டத்தையோ பயணத்தையோ 'புட் ஆஃப்' செய்தால் அது நம் 'தள்ளிப்போடுதல்' தான். அங்கே 'போடு' தன் நேர்ப்பொருளை இழந்து துணைவினையாக நிற்பதைப் போல, ஆங்கிலத்திலும் சிறுசொல் ஒன்று ஒட்டியதும் வினை வேறு பொருள் கொள்கிறது. ஆனால் செயப்படுபொருள் ஓர் ஆளாக இருந்தால், பெரும்பாலும் ஆர்வம் கெடுவதையோ வெறுப்புத் தட்டுவதையோதான் அது குறிக்கும். நீ அனுப்பிய 'ஹிஸ் மேனர் புட் ஹெர் ஆஃப்' என்ற வரியை, 'அவன் நடந்துகொண்ட விதத்தில் அவளுக்கு மனம் விட்டுப்போயிற்று' என்று எழுதிப் பார்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். வேலையில் சேர்ந்த புதிதில், மேலதிகாரியின் கடிதம் கண்டு பயணத்தைத் தள்ளிவைத்த செய்தியைத் தெரிவிக்க, 'யுவர் லெட்டர் புட் மீ ஆஃப்' என்று எழுதிவிட்டேன். தம் கடிதம் எனக்கு வெறுப்பூட்டியதாக எண்ணி, அவர் பல நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. 'ஐ புட் ஆஃப் மை ட்ரிப்' என்று எழுதியிருந்தால் போதும். அந்த வருத்தம் இன்னும் எனக்குண்டு.

பெயருக்குப் பதிலாக நிற்கும் 'இட்' போன்ற சொல் நடுவில்தான் வரும்: 'புட் இட் ஆஃப்'. பின்னால் வினை வந்தால் 'புட் ஆஃப் கோயிங்' என்பது சரி, 'புட் ஆஃப் டு கோ' தவறு. 'கால் ஆஃப்' என்பதோ அடியோடு ரத்து செய்வது. அதை இதனோடு குழப்பிவிடாதே.

இந்தத் தடுமாற்றம் உனக்கு மட்டும் உரியதன்று. 1755-இல் வெளிவந்த தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, இத்தகைய கூட்டுவினைகள்தாம் அயல்மொழியாருக்கு மிகுந்த இடர் தருபவை என்று சாமுவேல் ஜான்சன் எழுதியிருக்கிறார். தனிச்சொற்களுக்கு அகராதியில் பொருள் தேடுவதைவிட, யார் எதைச் செய்கிறார் என்று முழு வாக்கியத்தையும் பார்ப்பதே எனக்கு உதவியிருக்கிறது.

அடுத்த பகுதியில் ஐயமுள்ள வரிகளை, முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களோடு அனுப்பு.

உன் அன்பு நண்பன்