வினாடிக்கு எட்டு ஆக்டேவ்: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

ஹங்கேரியப் பியானோ கலைஞர் ஜார்ஜ் சிஃப்ராவின் (1921–1994) இசையைக் கேட்கவும், கொஞ்சம் வாசித்துக் காட்டவும் ஏற்பாடு செய்திருந்த நான்கு மாலைகளும் நல்லபடியாக முடிந்தன. மேடையில் நின்று பேசியவர்களுக்குக் கைதட்டல் கிடைத்துவிட்டது. வேலையில் முக்கால் பங்கைச் செய்தவர்கள் மேடைக்கு வரவே இல்லை. இந்த மடல் அவர்களுக்கு. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் வராது. செய்த வேலையை மட்டும் விவரமாக எழுதுகிறோம். நாளை இதே வேலையை யாராவது எடுத்தால் உதவும்.

முதல் நன்றி, ஹங்கேரிய மொழி தெரிந்த அன்பருக்கு. அழைப்பிதழின் முதல் அச்சுப்படியில், ஜார்ஜ் என்பதன் ஹங்கேரிய வடிவத்தைக் 'கியோர்கி' என்று போட்டிருந்தோம். அது பிழை. அந்த மொழியில் 'ஜி'யும் 'ஒய்'யும் சேர்ந்தால் 'ட்ய' போன்ற ஒரு மெல்லொலி; 'சி'யும் 'இஸட்'டும் சேர்ந்தால் 'ட்ஸ'. ஆக, அவர் ஊரார் வாயில் அவர் 'ட்ஸிஃப்ரா ட்யோர்ட்ய்'. நம்மூர் முன்னெழுத்து மாதிரி, அங்கே குடும்பப் பெயர்தான் முதலில் வரும். 'எஸ்' தனியே வந்தால் 'ஷ்', 'இஸட்'டோடு சேர்ந்து வந்தால் 'ஸ்' என்பதையும் அவர்தான் சொல்லித்தந்தார். 'சிஃப்ரா' என்ற சொல்லுக்கே அலங்காரம் மிகுந்தது என்று பொருளாம். அளவுக்கு மீறி அலங்கரிக்கிறார் என்று வாழ்நாள் முழுக்க விமர்சகர்களிடம் திட்டு வாங்கியவருக்கு இப்படி ஒரு பெயர். அவர் வளர்ந்த ஏழைப் பகுதியான ஆன்ட்யல்ஃபோல்டின் பெயருக்குப் பொருள் 'தேவதை நிலம்'. புடாபெஸ்டின் அந்தக் குடிசைப் பகுதியில் தேவதைகள் இருந்ததாகத் தகவல் இல்லை.

சந்தூரை எடுத்துவந்து முதல் மாலையைத் தொடங்கி வைத்தவருக்கு அடுத்த நன்றி. பியானோ கச்சேரிக்குச் சந்தூர் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். சிஃப்ராவின் தந்தை பாரிஸில் சிம்பலம் வாசித்துப் பிழைத்தவர். முதல் உலகப்போரின்போது எதிரி நாட்டவர் என்று பிடித்து அடைக்கப்பட்டார். குடும்பம் புடாபெஸ்டுக்குத் துரத்தப்பட்டது. சிம்பலம் சந்தூருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் போல: சரிவகப் பெட்டி, குறுக்கே தந்திகள், இரண்டு கோல்கள். 1874-இல் புடாபெஸ்டில் யோஷெஃப் ஷுண்டா என்ற கருவி வினைஞர் அதற்குக் கால்களும் ஓசை அடக்கும் மிதியும் வைத்துக் கச்சேரிக் கருவியாக்கினார். இரண்டு கோல்கள் மாறிமாறி விழும்போது ஒரே ஓடை போலக் கேட்கும் அந்த ஒலியைச் சந்தூரில் காட்டியபின் சிஃப்ராவின் ஆக்டேவ்களை (ஒரு சுரத்தையும் அடுத்த ஸ்தாயியில் உள்ள அதே சுரத்தையும் ஒரே கையால் சேர்த்து அடிப்பது) போட்டோம். எங்கள் கருத்து இது: அவருடைய மாற்றுக்கை ஆக்டேவ்களில் அப்பாவின் இரண்டு கோல்கள் இருக்கின்றன. ஆதாரம் காட்டச் சொன்னால் முடியாது, காது அப்படித்தான் சொல்கிறது.

பிள்ளைப் பருவம் பற்றி மேடையில் சொன்னதைச் சுருக்கமாக இங்கேயும் சொல்லிவிடுகிறோம். அக்கா பியானோ பழகுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றார். தாள் இல்லாமல், வீட்டார் பாடும் மெட்டைத் திருப்பி வாசிப்பது பழக்கமானது. ஐந்து வயதில் சர்க்கஸில், கூட்டம் கேட்கும் மெட்டை எடுத்து அந்த இடத்திலேயே விரித்து வாசித்துக் காசு சம்பாதித்தார். பிறகு புடாபெஸ்டின் லிஸ்ட் இசைக் கழகத்தில் பியானோ கலைஞர் டோஹ்னான்யியிடம் பாடம். அப்புறம் இரண்டாம் உலகப்போர்.

இசைத்தட்டுகளைக் கொடுத்த அம்மையாருக்கு என்ன சொல்லி நன்றி தெரிவிப்பது என்று தெரியவில்லை. சிஃப்ரா நாட்டைவிட்டு வெளியேறிய 1956-க்குப் பிறகு பிரான்சில் பதிவான, இசையமைப்பாளர் லிஸ்ட்டின் ஹங்கேரிய ராப்சடிகள் (ஹங்கேரிய மெட்டுகளை விரித்தெழுதிய பியானோ படைப்புகள்), மோனோ (ஒற்றை வழித்தட ஒலி) எல்.பி.க்கள், வீட்டுக்கு வெளியே போகாதவை. அவற்றைக் கழுவி, ஒலியை எடுத்து, கணினிக்கு மாற்றிய தம்பியின் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கழுவ, காய்ச்சி வடித்த நீரில் சோப்புத் திரவம் சில துளிகள் மட்டும். நடுவிலுள்ள லேபிள் நனையாமல் பிளாஸ்டிக் மூடி. துடைப்பது எப்போதும் பள்ளத்தின் போக்கிலேயே. குறுக்கே தேய்த்தால் தூசியே உப்புத்தாளாகிக் கீறிவிடும். பிறகு வெறும் நீரில் ஒருமுறை அலசி, நிமிர்த்தி வைத்து உலர்த்தல். இந்த இரண்டாம் அலசலை விட்டால் சோப்பு காய்ந்து ஊசியில் பசை சேரும், ஒலி மங்கும்.

மோனோ தட்டில் பள்ளம் பக்கவாட்டில் மட்டுமே அசையும். ஸ்டீரியோ ஊசி மேல் கீழ் அசைவையும் படிப்பதால் தூசியும் தட்டின் வளைவும் சேர்ந்து இரைச்சலாக வரும். இரண்டு வழித்தடங்களையும் கூட்டி ஒன்றாக்கினால் அந்த மேல் கீழ் அசைவின் இரைச்சல் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஊசி முனையும் முக்கியம். ஸ்டீரியோவுக்கு 18 மைக்ரான் அளவு, அன்றைய மோனோவுக்கு 25. 18 மைக்ரான் ஊசி பள்ளத்தின் அடிப்பக்கம் இறங்கிவிடும்; 25 மைக்ரான் ஊசி சற்று மேலே, சுவரில் உட்காரும். ஆறாம் ராப்சடியில் இதனால் வந்த மாற்றத்தை அன்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

ஒரு குறையைத் தம்பியால் தீர்க்க முடியவில்லை, அது அவர் பிழையுமல்ல. 33⅓ சுற்று எல்.பி.யின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்கடியில் வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, உள் முடிவில் சுமார் 21 செ.மீ. தான். அதே ஒலியை அரைக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. லிஸ்ட்டின் ராப்சடியோ மெதுவாகத் தொடங்கி, அதிவேகமாய், அதிசத்தமாய் முடியும் வடிவம். தட்டின் பக்கம் எங்கே மோசமோ அங்கேதான் இசையின் உச்சம் வந்து விழுகிறது. கடைசி ஆக்டேவ்களில் கேட்ட கரகரப்புக்குக் காரணம் இதுதான், சிஃப்ராவின் கையல்ல.

இன்னொன்று. கீறல் 'டிக்' ஒலிகளை நீக்கும் மென்பொருளைத் தானியங்கியாக விட்டால், மேல்ஸ்தாயி ஆக்டேவ்களில் சுத்தி தந்தியில் படும் முதல் கணத்தையும் கீறல் என்று நினைத்துத் தின்றுவிடும். அப்புறம் பியானோ பஞ்சுக்குள் வைத்து வாசித்தது போல ஆகிவிடும். தம்பி 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, டிக்குகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தார். எத்தனை இரவு போனது என்று அவர் சொல்லவில்லை.

"டேப்பை வேகமாக ஓட்டியிருப்பார்கள்" என்ற பழைய சந்தேகத்துக்கும் அவரே விடை தந்தார். ஓட்டத்தைக் கூட்டினால் சுருதியும் கூடும். 1 சதவீதம் கூட்டினால் அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஏறும், 6 சதவீதம் கூட்டினால் முழு அரைச்சுரம். 50 ஹெர்ட்ஸ் விளக்கடியில் 180 கோடு உள்ள ஸ்ட்ரோப் தாள் அசையாமல் நிற்கும்வரை சுழல்மேசையைச் சரிசெய்து, பிறகு தட்டைப் போட்டார். பி-ஃப்ளாட் சுருதியில் முடிய வேண்டிய ஆறாம் ராப்சடி பி-ஃப்ளாட்டிலேயே முடிந்தது. வேகம் கையில் இருந்தது.

எவ்வளவு வேகம்? ஆறாம் ராப்சடியின் கடைசிப் பகுதியில் வலக்கை ஒரே மூச்சில் ஆக்டேவ்களாக அடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு, தட்டுக்கு நான்கு ஆக்டேவ் என்றால் வினாடிக்கு எட்டு. பியானோவில் ஏழு வெள்ளைக் கட்டைகளின் தூரம் சுமார் 165 மி.மீ.; கட்டைவிரலும் சுண்டுவிரலும் அந்த விரிப்பிலேயே நின்றபடி மணிக்கட்டு ஆட வேண்டும். மூன்றாம் மாலையில் பிசியோதெரபிஸ்ட் அக்கா விளக்கிய விஷயம் இதுதான். விரல்களை விரித்து வைத்திருக்கும் தசைகளும் மணிக்கட்டைத் தூக்கும் தசைகளும் இறக்கும் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகினால் முன்கை பூட்டிக்கொள்ளும், அரை நிமிடத்தில் எரியும். அதற்கு மேலும் தொடர்ந்தால் தசைநாண் உறையில் வீக்கம். நான்கு ஆக்டேவுக்கு ஒரு கைவீச்சு என்று பங்கிட்டு, அந்த நான்குக்குள் மணிக்கட்டு மெல்ல உயர்ந்து, ஐந்தாவதில் இறங்கி மீண்டும் தொடங்கினால் தசைக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும். வலி வந்தபின் "பழக்கத்தில் சரியாகிவிடும்" என்று தொடர்வதைத்தான் அவர் கடுமையாகத் தடுத்தார்.

சிஃப்ரா மணிக்கட்டில் கட்டியிருந்த தோல்பட்டையைப் பற்றியும் அவரிடம் கேட்டார்கள். 1950-இல் குடும்பத்தோடு நாட்டைவிட்டுத் தப்ப முயன்று பிடிபட்ட சிஃப்ரா 1953 வரை சிறையில், கல் சுமக்கும் கட்டாய வேலையில் இருந்தார். மணிக்கட்டு மூட்டை இணைக்கும் நார்கள் அதில் கெட்டன. பட்டை வலிமையைக் கூட்டாது. மூட்டை இறுக்கிப் பிடித்து, எல்லை மீறி வளையாமல் காக்கும். அக்கா இதைச் சொன்னபோது யாரும் குறுக்கே பேசவில்லை. அந்தக் கையோடுதான் 1956 அக்டோபர் 22 அன்று, சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான ஹங்கேரிய எழுச்சிக்கு முந்தின நாள், ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் இரண்டாம் பியானோ கன்செர்டோவை (இசைக்குழுவோடு வாசிக்கும் பியானோ படைப்பு) புடாபெஸ்டில் வாசித்தார். பியானோ இலக்கியத்தில் கையைக் கொல்லும் படைப்புகளில் அதற்கு முன்வரிசை. அடுத்த மாதம் மனைவி மகனோடு வியன்னாவில் இருந்தார், பிறகு பாரிஸ்.

பியானோ டியூனர் அண்ணனுக்கு நாங்கள் பட்ட கடன் பணத்தால் தீராது (பணமும் அவர் பாதிதான் வாங்கினார்). அரங்கப் பியானோ நீண்ட நாள் தொடப்படாமல் சுருதி இறங்கிக் கிடந்தது. ஒரே முறையில் ஏற்றி நிறுத்த முடியாது. இருநூற்றுச் சொச்சம் தந்திகளின் மொத்த இழுவை 18, 20 டன் வரும். ஒரு பகுதியை ஏற்றும்போது சட்டமும் ஒலிப்பலகையும் அசைந்து, முன்பு சேர்த்த பகுதி இறங்கும். அதனால் முதலில் ஒரு முரட்டுச் சுற்று, சற்று மேலேயே வைத்து. இரண்டு நாள் விட்டு நுண்சுற்று. நிகழ்ச்சி அன்று காலை ஒரு பார்வை. ஈரக்காற்றில் மரமும் கம்பளித் துணியும் ஊதிச் சில கட்டைகள் அழுத்தினால் எழாமல் நின்றன. அண்ணன் கட்டைகளை வெளியே எடுத்து, ஊசித்துளையின் துணியை இடுக்கியால் மெல்ல நெரித்து விட்டுக்கொடுத்தார். எண்ணெய் விடலாமா என்று ஒருவர் கேட்க, அண்ணன் பார்த்த பார்வையே பதில். எண்ணெய் துணியில் ஊறி இன்னும் ஊதும்.

கிராண்ட் பியானோவில் கட்டை முழுதும் மேலே வராமலே மறுபடி அடிக்க முடியும். அதற்கான இரட்டை விடுவிப்பு அமைப்பு, பியானோ தயாரிப்பாளரான எரார் 1821-இல் காப்புரிமை பெற்றது. அதிலுள்ள சின்ன வில் தளர்ந்தால் அடுத்த அடிக்குச் சுத்தி தயாராகாது, ஆக்டேவில் ஓட்டை விழும். மிகையாக இறுக்கினால் சுத்தி துள்ளி இருமுறை அடிக்கும். வில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிபார்த்தார். வன்மையாக வாசித்தால் மேல்ஸ்தாயியில் ஒரே சுரத்தின் மூன்று தந்திகளுள் ஒன்று நழுவும் என்று தெரிந்ததால் இடைவேளையிலும் சாவியோடு வந்து நின்றார். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டு பறக்கும் இசைக்குச் சிஃப்ரா செய்த வடிவத்தை வாசித்துக் காட்டிய இரு மாணவிகளுக்கும் நன்றி. முழு வேகத்தில் வாசிக்க வேண்டாம், எப்படி ஆகியிருக்கிறது என்று காட்டினால் போதும் என்று கேட்டிருந்தோம். மூலத்தில் ஒற்றை இழையாக ஓடும் அரைச்சுரங்களை அவர் இரண்டு கைகளுக்கும் மாறிமாறி ஆக்டேவ்களாகப் பங்கிட்டிருக்கிறார். கைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஒரு கை கறுப்புக் கட்டைகளின் பக்கம் உள்ளே தள்ளியும், மற்றது வெளி விளிம்பிலும் நிற்காவிட்டால் கட்டைவிரல்கள் மோதிக்கொள்ளும். மாணவிகள் முதலில் இரு கட்டைவிரல்களை மட்டும் வைத்து ஓடையை வாசித்தார்கள், பிறகு சுண்டுவிரல்களை மட்டும், அப்புறம் இரண்டும் சேர்த்து. எங்கே கெடும் என்பதையும் மறைக்காமல் காட்டினார்கள்: ஒரு கையின் அடி மற்றதைவிடக் கனத்தால் ஓடை போய்க் குதிரை நடை வந்துவிடுகிறது. மொத்த நான்கு மாலைகளில் இதுதான் சிறந்த பத்து நிமிடம் என்பது எங்களில் பலருடைய தீர்ப்பு.

கடைசி மாலை சான்லிஸ் பற்றியது. பாரிஸுக்கு வடக்கேயுள்ள அந்த ஊரில் வண்டிக் கொட்டகையாகக் கிடந்த புனித ஃப்ரம்பூர் தேவாலயத்தைச் சிஃப்ரா 1973-இல் வாங்கி இசையரங்கமாக்கினார். ஜன்னல்களுக்கு ஓவியர் ஜுவான் மீரோ வண்ணக்கண்ணாடி வரைந்து கொடுத்தார். படங்களைத் திரையில் ஒழுங்காக அடுக்கித் தந்த நண்பருக்கு நன்றி. இசை நடத்துநரான மகன் 1981-இல் தீ விபத்தில் இறந்ததையும், அதன்பிறகு சிஃப்ரா இசைக்குழுவோடு வாசிக்கவே இல்லை என்பதையும் இரண்டே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பதிவுக்குப் போனதும் அந்த நண்பரின் யோசனைதான்.

அந்த அடுத்த பதிவு, பழைய பிரெஞ்சு இசையமைப்பாளர் கூப்ரானுடையது. சத்தக்காரர் என்று சிஃப்ராவை ஒதுக்குகிறவர்கள் அவருடைய கூப்ரான், ராமோ, ஸ்கார்லட்டி பதிவுகளைக் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கும் அலங்காரம்தான், ஆனால் ஊசிமுனை அளவு. அதற்காக அரங்கக் காவலர் ஐயா, நாங்கள் கேட்பதற்கு முன்பே எழுந்துபோய் எல்லா மின்விசிறிகளையும் நிறுத்தினார். வியர்வையோடு உட்கார்ந்திருந்த அனைவருக்கும் சேர்த்து அவருக்கு நன்றி.

தட்டுகள் புதிய உள்ளுறைகளில், நிமிர்த்தி அடுக்கிய பெட்டியில், அம்மையார் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. சந்தூரின் கோல் ஒன்று மட்டும் மேடைக்குப் பின்னால் கிடைத்தது. காவலர் ஐயாவிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளவும்.

நன்றியுடன்,
ஏற்பாட்டுக் குழுவினர்