யாரைக் கூப்பிடுகிறது அந்த விளம்பரம்?

காரைக்குடி

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ளப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். வீடு கலகலவென்று இருந்தது, பேனா எடுக்க முடியவில்லை. வீட்டு ஆச்சிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி நலம்.

நீ எழுதியிருந்த நியூயார்க் விளம்பரக் கதையை ஆச்சிக்கும் படித்துக் காட்டினேன். இங்கே வந்து தொழில் தொடங்கு, பத்து வருஷத்துக்கு வரியே இல்லை என்று டிவியில் ஓயாமல் ஓட்டிவிட்டு, 2014 கடைசியில் எண்ணினால் அந்த ‘ஸ்டார்ட்அப் நியூயார்க்’ திட்டத்தில் வந்த வேலை 76! மறு வருஷம் மாநிலத் தணிக்கையில், மூன்று வருஷத் தொழில் விளம்பரங்களுக்குச் சுமார் 21 கோடி டாலர் போயிருக்கிறது, பலன் என்று காட்ட ஒன்றுமில்லை என்று வந்ததாக எழுதியிருந்தாய். அந்த மாநிலக் கவர்னர் கோமோ தேர்தலில் மறுபடி நின்று ஜெயித்ததும் அதே 2014-இல்தான். வெளியூர் முதலாளியைக் கூப்பிடுகிற விளம்பரம் நியூயார்க்காரன் வீட்டு டிவியில் எதற்கு ஓடவேண்டும் என்று கேட்டிருந்தாயே, அந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

இங்கேயும் அதே கதைதான். முதலீட்டாளர் மாநாடு என்றால் அன்றைக்குப் பேப்பரில் முதல் பக்கத்தைத் தேடவேண்டியிருக்கும். ஒரு முழுப்பக்க விளம்பரம், புரட்டினால் இன்னொன்று. முக்கால் பக்கத்துக்கு முதலமைச்சர் முகம். மூலையில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் காற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். எந்த ஆட்சி வந்தாலும் அந்த மனிதருக்கு மட்டும் வேலை உறுதி. வருக வருக என்று கொட்டை எழுத்துத் தமிழில் இருக்கும். கொரியாவில் இருக்கும் கார் கம்பெனிக்காரர் நம்ம ஊர்ப் பதிப்பை வாங்கியா படிக்கப்போகிறார்? படிப்பது நானும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களும்தான். எங்களிடம் இருக்கும் முதலீடு ஆளுக்கு ஒரு ஓட்டு.

தொகையைப் பார். 2015 மாநாட்டில் 2.42 லட்சம் கோடி, 2019-இல் 3 லட்சம் கோடி, 2024-இல் 6.64 லட்சம் கோடி. முதல் இரண்டும் அ.தி.மு.க. ஆட்சியில், மூன்றாவது தி.மு.க. ஆட்சியில். எல்லாம் புரிந்துணர்வு ஒப்பந்தக் கணக்கு, அதாவது பெண் பார்த்துவிட்டு வந்த கணக்கு. இசைகுடிமானம், அதாவது கல்யாண ஒப்பந்தம், எழுதியது எத்தனை என்று முழுப்பக்கத்துக்கு ஒரு விளம்பரம் வந்து நான் பார்த்ததில்லை. எதுவுமே வரவில்லை என்று சொல்லமாட்டேன், சென்னையைச் சுற்றி எத்தனையோ வந்திருக்கிறது. ஆனால் அவை நிலத்தையும் துறைமுகத்தையும் ஆளையும் பார்த்து வந்தவை.

உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் ஒரு கடிவாளம் போட்டது. அரசு விளம்பரத்தில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படம் மட்டும் போடலாம் என்றது. அதை மாற்றச் சொல்லி நம்ம மாநிலம் உட்படச் சில மாநிலங்கள் திரும்பக் கோர்ட்டில் போய் நின்றன. 2016 மார்ச்சில் கவர்னர், முதலமைச்சர், அமைச்சர் படமும் போடலாம் என்று ஆகிவிட்டது. சாலை, குடிநீர் என்றால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். இதில் மட்டும் கட்சி வித்தியாசம் பார்க்காமல் ஒற்றுமை! தேர்தல் தேதி அறிவித்தால் நடத்தை விதி வந்துவிடும், அதனால் அதற்கு முந்தின வாரங்களில் பக்கங்கள் இன்னும் பெருகும். பத்திரிகைக்காரர்களும் பாவம். சின்னப் பத்திரிகைக்கு அரசு விளம்பரம்தான் சம்பளப் பணம். அதை வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் அரசைக் காரமாக எழுத எத்தனை பேருக்குக் கை வரும்?

உன் வீட்டு வேலையாக ஆத்தங்குடிக்குப் போயிருந்தேன். தரைக்கல் பட்டறைக்காரர் கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றிக்கொண்டே பேசினார். கல் பெயர்ந்து வரும்போது கண்ணாடி பட்ட பக்கம் அப்படி ஒரு பளபளப்பு, எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை. இன்னொரு பட்டறை போட ஆசை, கையில் பணமில்லை என்றார். மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் இருக்கிறதே என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை! இத்தனைக்கும் அவர் தினமும் பேப்பர் பார்ப்பவர். யாருக்கு என்ன கடன், எந்த ஆபீசில் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று கால் பக்கத்தில் போட்டிருந்தால் அதை நானும் விளம்பரம் என்று ஒப்புக்கொள்வேன்.

நம்ம ஊருக்கு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்த கதை உனக்குத் தெரியாததா? நம்ம ஊர் வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்தார், 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். வா என்று கூப்பிடுகிறவர் கொடுத்தது சொந்தப் பணம். சரி, எல்லா ஊருக்கும் ஓர் அழகப்பர் கிடைக்கமாட்டார்தான்.

அப்புறம், உன் வீட்டு வளவில், உள் முற்றத்துத் தூண் ஓரமாகச் சில தரைக்கல் விரிசல் விட்டுவிட்டது. அந்தப் பூ அச்சு கிடைக்கிறது, பழைய பச்சை மட்டும் அதே மாதிரி வராது என்கிறார் பட்டறைக்காரர். கொஞ்சம் வெளிறினாலும் பரவாயில்லையா, இல்லை முழுத் தரையையும் மாற்றிவிடலாமா? தம்பியிடம் கேட்டால் உன்னைக் கேட்கச் சொல்கிறார். பங்குனிக்குள் எழுது, அதன்பிறகு கோயில் திருவிழாக்கள் வந்துவிடும், ஆள் கிடைக்காது.

அன்புடன்,
முத்தையா