வின்டர்தூர் போய்விட்டு வந்தேன்

கோயம்புத்தூர்,
ஜூலை 2025

அன்புள்ள மல்லிகா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கைப்பிடியைப் பிடிக்காமலே மாடிப்படி ஏறுகிறாய் என்று உன் மகள் சொன்னாள். கேட்டதும் பாதி பாரம் இறங்கிவிட்டது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்கு எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று திரும்பி வரும் விமானத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

2020 ஏப்ரலில் போக வேண்டிய ஐரோப்பாப் பயணம் இது. கொரோனாவோடு அது போயிற்று. அப்புறம் மாமியார் படுக்கையில் விழுந்தார்கள், பையனின் கல்யாணம் வந்தது, ஐந்து வருஷம் ஓடிவிட்டது. இந்த ஜூனில் ஒருவழியாகக் கிளம்பினோம். பாரிஸில் இறங்கி வெனிஸில் முடித்தோம். நடுவில் எல்லாமே ரயில்தான். பல நாட்டு ரயில்களிலும் செல்லும் யூரெயில் பாஸ் எடுத்தோம், அறுபது வயது தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கிடைத்தது. பிரான்சின் டிஜிவி மாதிரி வேக ரயிலுக்குப் பாஸ் இருந்தாலும் தனியாகப் பணம் கட்டி இடம் பதிவு செய்ய வேண்டும். சுவிட்சர்லாந்தில் சாதாரண ரயில்களுக்கு அது தேவையில்லை, வந்த ரயிலில் ஏறி உட்கார வேண்டியதுதான். உனக்கு என்றைக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

பாரிஸிலிருந்து சூரிக் நாலு மணி நேரம். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, தண்ணீர்க் குவளை அசையவில்லை. ஆனாலும் எனக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை, மல்லிகா. வயலில் மேயும் மாட்டைப் பார்த்து "இதோ பாருங்கள்" என்று அவரிடம் காட்டுவதற்குள் மாடும் வயலும் போய்விடும்.

சூரிக் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவிஸ் ரயில்வேயில் வேலை பார்த்த ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் 1944-ல் வடிவமைத்தது. வெள்ளை முகம், எண்களே கிடையாது, கறுப்புக் கோடுகள்தான். சிவப்பு நொடிமுள்ளின் நுனியில் ஒரு வட்டம் இருக்கும், ரயில் கார்டு கையில் பிடிக்கும் சமிக்ஞைத் தட்டு மாதிரி. அந்த முள் ஒரு சுற்றை அறுபது நொடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடித்துவிட்டு உச்சியில் வந்து நின்றுவிடுகிறது. தலைமைக் கடிகாரத்திலிருந்து மின்சாரத் துடிப்பு வந்ததும் நிமிஷமுள் ஒரு தாவு தாவும், இதுவும் மறுபடி கிளம்பும். எல்லா ஸ்டேஷனிலும் ஒரே நேரம் காட்ட இப்படி ஓர் ஏற்பாடு. பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். வின்டர்தூர் போனேன்.

குன்னூர் ரயில் எஞ்சின் ஷெட் ஞாபகம் இருக்கிறதா என்று உன்னிடம் கேட்பதே தப்பு. உனக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும் வேலை, எனக்கு உன்னோடு கூட வரும் வேலை. அங்கே வேலை பார்த்த மாமா எண்ணெய் நனைந்த பஞ்சு வேஸ்ட்டால் எஞ்சின் பக்கவாட்டில் இருந்த தகட்டைத் துடைத்துவிட்டு, "படி பார்க்கலாம், இது பிறந்த ஊர்" என்பார். நாம் எழுத்துக் கூட்டி "விண்டர் தர்" என்று படிப்போம். குளிர்காலத்தின் பெயரை வைத்த ஊர் என்றால் எப்படி இருக்கும் என்று ஷெட்டிலிருந்து வீடு வரும்வரை பேசிக்கொண்டே வருவோம். பெரியவளானதும் இரண்டு பேரும் அங்கே போவதென்று நீதான் சொன்னாய்.

சூரிக்கிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது. ஸ்டேஷனை ஒட்டியே பழைய தொழிற்சாலைக் கூடங்கள் வரிசையாக நிற்கின்றன. 1871-ல் தொடங்கிய அந்த எஞ்சின் கம்பெனி இப்போது இல்லை. நம் நீலகிரி மலை ரயிலுக்கு 1914 முதல் 1952 வரை எஞ்சின் செய்து அனுப்பியது இவர்கள்தான். இப்போது அந்த வட்டாரத்துக் கூடங்களில் குடியிருப்பும் கடைகளும் வந்துவிட்டன. ஒரு கூடத்தில் கட்டடக்கலை படிப்பு நடக்கிறது, பிள்ளைகள் அட்டையில் வீடு செய்துகொண்டிருந்தார்கள். தெருவில் ஓரிடத்தில் தண்டவாளம் தார்ச்சாலைக்குள் பாதி புதைந்து கிடந்தது. குனிந்து அதைத் தொட்டேன். மாமாவுக்காகத்தான் தொட்டேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் என் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

இங்கே எஞ்சின் செய்வது நின்றுவிட்டது. நீ இருக்கும் பொன்மலையின் ரயில் பட்டறையிலோ நம் மலை ரயிலுக்குப் புது நீராவி எஞ்சின்களையே செய்து அனுப்பியிருக்கிறார்கள். மாமா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

மறுநாள் கூர் என்ற ஊரிலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலியின் திரானோ வரை போனோம். பெரிய கண்ணாடி வைத்த பெர்னினா எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ஆனால் நாங்கள் அதே பாதையில் ஓடும் சாதாரண ரயிலில்தான் ஏறினோம். அதில்தான் ஜன்னலைக் கீழே இறக்க முடிந்தது. நம்முடையதைப் போலவே மீட்டர் கேஜ். லாண்ட்வாசர் பாலம் 65 மீட்டர் உயரம், வளைந்து போய் நேராகப் பாறைச் சுவருக்குள் இருக்கும் சுரங்கத்தில் நுழைகிறது. செயின்ட் மோரிட்ஸில் வண்டி மாறினோம். அதற்கு மேல்தான் அதிசயம். பல்சக்கரமே கிடையாது! நம் கல்லாறு ஏற்றம் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர், அதற்கு எஞ்சினின் பல்சக்கரம் கடித்து ஏறும் பல்தண்டவாளம் வேண்டியிருக்கிறது. இங்கே நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் ஏற்றத்தை, மின்சாரத்தில் வெறும் சக்கரப் பிடிப்பிலேயே ஏறி இறங்குகிறது. 1910-லிருந்து இப்படித்தான். மாமா நம்பியிருக்க மாட்டார்.

உச்சி ஸ்டேஷன் ஒஸ்பிட்சியோ பெர்னினா, 2,253 மீட்டர். ஊட்டி ஸ்டேஷன் கிட்டத்தட்ட 2,200. ஒரே உயரம்தான், மல்லிகா! அங்கே தைலமரமும் கேரட் தோட்டமும். இங்கே ஜூன் கடைசியிலும் தண்டவாளத்தை ஒட்டித் திட்டுத்திட்டாகப் பனி, மரம் என்று ஒன்றுகூட இல்லை. பக்கத்திலேயே பனியாறு கரைந்து வரும் ஏரி, அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில். காற்று முகத்தில் அறைந்தது, ஜன்னலை மூட மனசு வரவில்லை. வளைவில் நம் பெட்டியிலிருந்தே முன்னால் போகும் பெட்டிகள் தெரியும் பார், அப்போது குன்னூர் வாசனையே வந்துவிட்டது எனக்கு. கரியும் ஈரப் பாறையும் கலந்த அந்த வாசனை. மின்சார ரயிலில் அது எங்கிருந்து வரும்? ஆனாலும் வந்தது.

மிலனில் ஒரு ராத்திரிதான். வெனிஸ் போகும்போது மெஸ்த்ரே என்ற ஸ்டேஷனிலேயே பெட்டிகளோடு எழுந்துவிட்டோம். எதிரே இருந்த அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்து, அடுத்ததுதான் என்று ஜாடை காட்டினார். அதன்பின் இரண்டு பக்கமும் கடல், பாலத்தின்மேல் ரயில். ஸ்டேஷன் வாசலில் ரோடு இல்லை, படி இறங்கினால் தண்ணீர். நல்ல ஊர்தான். ஆனால் அதற்குள் என் மனசு நிறைந்துவிட்டிருந்தது.

பேரனுக்குச் சாக்லேட் தனியாகப் பார்சலில் வருகிறது. ஒரு உதவி செய். மாமா எஞ்சின் பக்கத்தில் நிற்கும் பழைய போட்டோ உன்னிடம்தானே இருக்கிறது? அவர் தோளுக்குப் பின்னால் அந்தத் தகடு கொஞ்சம் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அதில் எண்ணும் வருஷமும் படிக்க முடிகிறதா என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
சரோஜா